திருக்கை மனிதன்: இரண்டாம் பாகம்

புன்னைத்துறையில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தியேட்டர் முடிவு செய்வதில்லை. கிளீட்டஸ்தான் முடிவு செய்வான். பஸ் நிறுத்தத்துக்கும் குருசடிச் சிலுவைக்கும் நடுவில் 'கிளீட்டஸ் மொபைல்ஸ்' என்று ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தான். ரீசார்ஜ் போடலாம், சிம் கார்டு வாங்கலாம், உடைந்த செல்போனுக்குக் கண்ணாடி மாற்றலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் அந்தக் கடை முன்னால் கூடுகிற கூட்டம் இதற்கெல்லாம் வந்ததில்லை. முந்தின நாள் வந்த படத்துக்குக் கிளீட்டஸ் என்ன மார்க்கு போடுகிறான் என்று கேட்க வந்தது. அவன் பத்துக்கு மூன்று என்று சொல்லிவிட்டால், அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டியவன்கூட வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

சூப்பர் ஹீரோ படம் என்றால் கிளீட்டஸுக்கு உயிர். நாகர்கோவிலில் தமிழ் பேசிக்கொண்டு வரும்வரை காத்திருக்க மாட்டான். வெள்ளிக்கிழமை விடியுமுன் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய், இங்கிலீஷிலேயே பார்த்துவிட்டுத் திரும்புவான். அவனுக்கு இங்கிலீஷ் எவ்வளவு புரியும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"பறந்து பறந்து அடிக்கவனுக்கு என்னலே பாஷ வேண்டியிருக்கு?" என்பான்.

அவனுக்குப் பிடித்ததைக் கேட்க ஆட்கள் வருவதில்லை, பிடிக்காததைக் கேட்கத்தான் வருவார்கள். இரண்டாம் பாகம் என்ற பேச்சை எடுத்தாலே போதும், அவன் கண் சிவந்துவிடும். அதற்கு அவன் எப்போதும் காட்டுகிற உதாரணம் 'கந்தக மனிதன்'. "முதல் பாகத்துல என்ன இருந்து? ஒரு ஹீரோ, ஒரு வில்லன், ஒரு நியாயம். ரெண்டாம் பாகத்துல மூணு வில்லன், ஒரு நாயி, ஹீரோவுக்கு ரெட்டப்பிறவி. மூணாம் பாகத்துல செத்துப்போன அப்பன் எழும்பி வாறான். கழுத தேஞ்சு கட்டெறும்பாச்சுன்னு சொல்லுவாவள்லா, இந்தக் கழுத தேயத் தேய டிக்கெட்டு வெல மட்டும் ஏறுகு. செத்தவனத் திரும்பக் கொண்டு வாறவன் கலைஞன் இல்ல கேட்டியா, கள்ளன்!"

கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். வலைக்காரத் தெரு ஷிபு ஒருவன்தான் எதிர்த்துக் கேட்பான். "அப்போ பழைய மீன்கறிக்கு மட்டும் எப்படி மக்கா ருசி கூடுகு?" என்பான். கிளீட்டஸ் அவனைப் பார்த்த பார்வையில் கறி திரிந்திருக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்தவனை ஊர் சும்மா விடுமா? 2012 திருவிழாவில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. அந்தக் கத்தோலிக்கப் பங்கில் குடும்பங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் ஒவ்வொரு அன்பியமும் ஒரு கலைநிகழ்ச்சி போட்டாக வேண்டும். வழக்கமாக ஏதாவது ஒரு வேதசாட்சியின் கதையைப் போடுவார்கள். அட்டைக் கத்தியால் தலையை வெட்டி, குங்குமத் தண்ணீரைக் கொட்டி, மங்களம் பாடிவிடுவார்கள். "இந்த வருசம் நான் ஒண்ணு போடுகேன்" என்று கிளீட்டஸ் கிளம்பினான். அப்படித்தான் 'திருக்கை மனிதன்' பிறந்தான்.

கதை இதுதான். மீனவன் ஒருவனைத் திருக்கை மீன் கொட்டிவிடுகிறது. அவனுக்கு வால் முளைக்கிறது. அந்த வாலால் கடலைக் கெடுக்கிற முதலாளியை விளாசித் தள்ளுகிறான். திருக்கை வால் பட்டால் எப்படி இருக்கும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு அடிக்கும் ஊரே 'அய்யோ' என்றது. கதாநாயகனாக நடித்தவன் பெனின். கிளீட்டஸின் பால்ய சிநேகிதன், ஃபைபர் வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவன், கதவு அகலத்துக்கு நெஞ்சு. கறுப்புத் தார்ப்பாயில் சட்டை தைத்துக் கொடுத்தது கிளீட்டஸின் மனைவி லீமா.

இரண்டாம் பாகம் என்று ஒரு பயலும் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகவே கிளீட்டஸ் கடைசியில் கதாநாயகனைக் கொன்றான். சும்மா கொல்லவில்லை. பெனினைப் பெட்டியில் கிடத்தி, மூடி, ஆணியடித்து, ஊரில் உள்ளவர்களையே மேடையேற்றி ஆளுக்கு ஒரு பிடி மண் போட வைத்தான். அதுவும் போதாதென்று உபதேசியார் ஞானதாசனைக் கெஞ்சிக் கூத்தாடி, கோயில் மணிக்கூண்டில் துக்க மணி அடிக்கச் சொன்னான். உபதேசியாரும் நாடகத்தில் லயித்துப்போய்க் கண்ணீர் வழிய வழிய அடித்தார். நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிய பிறகும் அடித்தார்.

வினை அந்த மணியில்தான் இருந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவன் உணர்ச்சி மிகுந்து பக்கத்துத் துறையில் இருக்கும் சொந்தக்காரனுக்கு போன் போட்டு, "நம்ம பெனின் செத்துட்டாம்லே, ஊரே அழுகு" என்றிருக்கிறான். பக்கத்துத் துறை, பெனினின் மனைவி ஜெனிலா பிறந்த ஊர். அவர்கள் காதிலும் மணி விழுந்திருந்தது. ஜெனிலாவின் அண்ணன்மார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, பெண்டுகள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைக்க, ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கினார்கள். வந்து பார்த்தால், செத்தவன் பள்ளிக்கூட வராந்தாவில் வாலைக் கழற்றி வைத்துவிட்டுப் புரோட்டா பிய்த்துக்கொண்டிருக்கிறான். பெரிய அண்ணன் அழுத கண்ணோடு ஓங்கி ஒன்று வைத்தான் பாருங்கள், நாடகத்தில் விழுந்த எந்த அடியும் அதற்கு ஈடில்லை.

ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை தொழிலுக்குப் போகக் கூடாது என்பது கடற்கரை வழக்கம். உண்மை தெரிந்து சேதி போய்ச் சேருமுன் வள்ளம் இறக்கும் நேரம் கடந்துவிட்டது. அடுத்த நாள் அந்தத் துறையில் மருமகனுக்காக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. கிளீட்டஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஹீரோவுக்காகக் கடலையே நிறுத்தினவன் எவன் இருக்கான்? அமெரிக்காக்காரனால முடியுமா?" என்று நாடகத்துக்குக் கிடைத்த பரிசுக் கோப்பையைக் கடையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஊர் சிரித்துச் சிரித்து மாய்ந்தது.

ஜெனிலா மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அன்றோடு உறக்கம் போயிற்று. புருஷன் வள்ளம் தள்ளப் போனால் பின்னாலேயே கரைக்குப் போவாள். வள்ளம் கண்ணுக்கு மறைந்த பிறகும் நிற்பாள். காற்று கொஞ்சம் மாறினால் போன் மேல் போன். கடலுக்குள் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருப்பாள். பெனின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். பயத்துக்கு மருந்து உண்டா? அத்தனை பெரிய ஆம்பிளை, வீட்டில் வாய் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போக ஆரம்பித்தான்.

அடுத்த திருவிழா நெருங்கியது. "ரெண்டாம் பாகம் எப்போ?" என்று ஊர் கேட்டது. "கலைஞன் செத்த மாட்டுல பால் கறக்க மாட்டான்" என்றான் கிளீட்டஸ். "சரக்கு தீந்துபோச்சுன்னு சொல்லேன் மக்கா, எதுக்கு மாட்டை இழுக்கே" என்றான் ஷிபு. அதற்கும் அசையவில்லை. கொள்கை என்றால் கொள்கை.

ஒரு மத்தியானம் ஜெனிலா கடைக்கு வந்தாள். மீன் ஏலத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் செதில்கூட உலரவில்லை.

"அண்ணே, அவியள ஊரு கூடிப் பெட்டியில வச்சாச்சு. மணி அடிச்சாச்சு. மண்ணும் போட்டாச்சு. எங்க வீட்டுலயிருந்து ஒப்பாரியும் வச்சாச்சு. இனி கடலு கொண்டுபோறதுக்கு என்ன பாக்கி இருக்கு?"

"ஏ பிள்ள, அது நாடகமாக்கும்."

"மணி நாடகமா? நம்ம கோயில் மணியாக்கும் அடிச்சது. அதே மேடையில அவிய எழும்பி வரணும். ஊரு பாக்கணும். நீங்க கொன்னிய, நீங்கதான் எழுப்பணும்."

"செத்தவன எழுப்பக்கூடாதுங்கது என் கொள்கை பிள்ள. எத்தன படத்துக்கு நான்..."

"உங்க கொள்கைய வச்சு மீன் கழுவக்கூட முடியாது" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

கிளீட்டஸ் வீட்டுக்குப் போய் லீமாவிடம் நியாயம் கேட்டான். கலை என்றான், மூடநம்பிக்கை என்றான், கந்தக மனிதன் மூன்றாம் பாகம் என்றான். லீமா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உங்களப் பெட்டியில வச்சு ஆணியடிச்சுட்டு, நான் பொறவு நிம்மதியா உறங்குவேன்னு நெனைக்கியளா?" என்று கேட்டாள். உறங்குவாளோ மாட்டாளோ, கேட்ட தோரணை சரியில்லை. கிளீட்டஸ் இரண்டாம் பாகத்துக்குச் சம்மதித்தான்.

முதல் முட்டுக்கட்டை பங்குச் சாமியாரிடம் இருந்து வந்தது. கதையைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெட்டியில அடைச்சு, அடக்கம் பண்ணினவன் எழும்பி வாறானா? உயிர்த்தெழுதல் ஒருத்தருக்குத்தான் கிளீட்டஸ். வால் முளைச்சவனுக்கெல்லாம் கிடையாது."

"லாசர் எழும்பல்லியா சாமி?"

"ஆண்டவர் கூப்பிட்டாரு, எழும்பினான். உன் மேடைக்கு ஆண்டவர யாரு கூட்டிட்டு வரப்போறா?"

அப்படியானால் அவன் சாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றான் கிளீட்டஸ். திருக்கை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு உபதேசியார் ஞானதாசன் குதித்தார். "சாகல்லியா? அப்போ நான் அடிச்ச துக்க மணி பொய்யா? இத்தன வருசத்துல ஒரு பொய் மணி அடிச்சிருக்கேனா?" ஒருவர் செத்தவன் எழும்பக் கூடாது என்கிறார், இன்னொருவர் செத்தது செத்ததுதான் என்கிறார். இடையில் கிளீட்டஸ் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினான்.

சிக்கலை அவிழ்த்தது ஐஸ் கம்பெனி ராஜமணி. மேடைச் செலவு மொத்தமும் தன்னுடையது என்று முன்வந்தார். கைம்மாறாக ஒரே ஒரு ஆசை.

"திருக்கை மனிதனுக்கு உசிரு போகல்ல, மூச்சு மட்டும் நின்னுபோச்சு. ஆளத் தூக்கி நம்ம ஐஸுல வச்சிருந்தாவ. பொழச்சுக்கிட்டான். ராஜமணி ஐஸுல வச்ச சாதனம் கெடாதுன்னு ஒரு வரி மட்டும் வந்தா போதும் மக்கா."

கிளீட்டஸுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சாமியார் ஒத்துக்கொண்டார். மூச்சு நின்றதற்கு அடித்த மணி பொய்யாகாது என்று உபதேசியாரும் அடங்கினார். போதாததற்கு, கதாநாயகன் எழும்பும்போது ஈஸ்டர் இரவில் அடிப்பதுபோல மகிழ்ச்சி மணி அடித்துத் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகியது. சாமியார் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி ஒரு காட்சி கேட்டார். அதனால் பிளாஸ்டிக் அரக்கன் வந்தான். அன்பியத்தில் பிள்ளை இல்லாத வீடு கிடையாது. ஒரு பிள்ளையை எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டால் அடுத்த வாரம் ஜெபக்கூட்டத்தில் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் குடி அரக்கன், செல்போன் அரக்கன், கொசு அரக்கி, நண்டுப் படை என்று மேடை நிறைந்தது. துபாயிலிருந்து லீவில் வந்தவர் புகை மிஷின் கொண்டு வந்தார். அதைப் போடாவிட்டால் அவருக்கு மனம் வருத்தப்படும். ஷிபு வேறு அன்பியம் என்றாலும் தன் நாயைக் கொண்டு வந்து, "உன் கந்தக மனிதன்ல இருந்ததுல்லா மக்கா" என்று கட்டிவிட்டுப் போனான். ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு நாயைப் பிடித்துவிட்டது. நாயும் நாடகத்தில் சேர்ந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிகிறது என்பது கிளீட்டஸுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு இரண்டாம் பாகத்திலும் அவன் காறித் துப்பியது எல்லாம் அவன் கையாலேயே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் ஒரு ராஜமணி ஐஸ் கம்பெனி இருக்கும்போல என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தான்.

திருவிழாக் கொடி இறங்கின அன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் நாடகம் ஆரம்பித்தது. புகை மிஷினைத் திறந்தார்கள், மூட மறந்துவிட்டார்கள். புகைக்குள் நண்டுப் படை வழி தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அழுதது. குடி அரக்கன் பேச வேண்டிய வசனத்தைச் செல்போன் அரக்கன் பேசிவிட்டான். நாய் கொசு அரக்கியைத் துரத்திவிட்டு வேலியைத் தாண்டி ஓடியது. ராஜமணி உண்மையான ஐஸ் கட்டிகளையே லாரியில் இறக்கியிருந்தார். அவற்றுக்கு நடுவே பெனின் படுத்துக் கிடந்தான். முன்னால் நடந்த காட்சிகள் இழுத்தடித்ததில் அவன் உதடு நீலம் பாரித்துப்போயிற்று. எழுந்து நின்று "நான் திரும்பி வந்துவிட்டேன்" என்று முழங்க வேண்டிய இடத்தில் பல் கிட்டித்து "ந்த்த்த" என்று ஒரு சத்தம்தான் வந்தது. வால் கழன்று ஐஸோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் மணி அடித்தது. உபதேசியார் குறை வைக்கவில்லை, பெரிய மணி சின்ன மணி எல்லாவற்றையும் சேர்த்து அடித்தார். பெற்றவர்கள் தங்கள் தங்கள் நண்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். கிளீட்டஸ் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். செத்துப்போகலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. காலையில் கடைக்கு ஊரே வரும். வரட்டும். எந்தக் கொம்பன் படத்தையும் விடாதவன் தன் நாடகத்தை மட்டும் விட்டுவிடுவானா? தானே கிழிக்க வேண்டும், நார் நாராகக் கிழிக்க வேண்டும். பத்துக்குச் சைபர் போட வேண்டும். தன் பிள்ளைக்கே சைபர் போட்ட வாத்தியார் என்று பேர் நிற்கும். நாடகத்தில் போன மானத்தை விமர்சனத்தில் திரும்ப வாங்கிவிடலாம். நினைக்க நினைக்க அவனுக்கு உற்சாகம் ஏறியது. வசனங்களைக்கூடத் தயார் செய்துகொண்டான்.

காலையில் கூட்டம் எப்போதையும்விட இரண்டு பங்கு. ஷிபு முன்வரிசையில் ஒரு சாயாவோடு நின்றான்.

"சொல்லு மக்கா, ரெண்டாம் பாகத்துக்கு எத்தன மார்க்கு? ஆளப் பாத்துப் போடாத, கேட்டியா."

"ஆளப் பாத்துப் போடுத பழக்கம் எனக்கு எப்பவாவது உண்டுமா?" கிளீட்டஸ் தொண்டையைச் செருமினான். "ஒரே வார்த்தையில சொல்லிருகேன். அந்த ஹீரோ பெட்டிக்குள்ளயே கெடந்திருக்கணும். செத்தவன்..."

அப்போதுதான் அவளைப் பார்த்தான். ஜெனிலா கூட்டத்துக்கு வெளியே, சந்தைக்குப் போகிற பெண்களோடு நின்றாள். தலையில் மீன் வட்டில் இருந்தது. பெனின் விடியுமுன் கடலுக்குப் போயிருந்தான், இன்னும் கரைசேரவில்லை. சினிமா விமர்சனம் கேட்க அவள் இதற்குமுன் ஒருநாளும் வந்ததில்லை. அவள் முகத்தில் நேற்று மணி அடித்தபோது வந்திருந்த தெளிச்சம், 'செத்தவன்' என்ற சொல் விழுந்ததும் போய்விட்டது.

தயார் செய்த வசனம் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. அத்தனையும் நல்ல வசனம். சொன்னால் ஊர் பத்து வருஷம் பேசும்.

"என்ன மக்கா, செத்தவன்?" என்று ஷிபு எடுத்துக் கொடுத்தான்.

"செத்தவன்னு எவம்லே சொன்னது?" கிளீட்டஸ் சத்தமாகச் சொன்னான். "அவன் சாகல்ல. போன வருசம் நான் போட்ட முடிவு தப்பாக்கும். ஆணியடிச்சது தப்பு, மணியடிக்கச் சொன்னது தப்பு. இதுதான் சரியான கதை. எழும்பி வந்தாம் பாத்தியளா, அந்த இடம் ஒண்ணுக்கே முழு மார்க்கு. பத்துக்குப் பத்து."

ஷிபுதான் ஆரம்பித்தான். "பத்துக்குப் பத்தா? நாயி வேலியச் சாடி ஓடினதுக்கா?" கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ராஜமணி ஐஸு ஆள உள்ளவரைக்கும் குளுர வச்சிட்டுல்லா!" என்றான் ஒருவன். "இவன் பேச்சக் கேட்டு நான் எத்தன நல்ல படத்த விட்டேன், என் காலம் போச்சே!" என்று இன்னொருவன் தலையில் அடித்துக்கொண்டான். கிளீட்டஸ் ரீசார்ஜ் கார்டுகளை எடுத்து அடுக்கினான், கலைத்தான், மறுபடியும் அடுக்கினான். நிமிர்ந்து பார்த்தபோது ஜெனிலா வட்டிலைச் சரிசெய்துகொண்டு, மற்றப் பெண்களிடம் ஏதோ சிரித்துப் பேசியபடி போய்க்கொண்டிருந்தாள்.

அதோடு அவன் பேர் போனது. மறுவாரம் ஒரு படத்தைக் குப்பை என்று சொன்னான். ஊரே டிக்கெட் எடுக்கப் போயிற்று. ஆனால் அது பிறகு நடந்த கதை. அன்று சாயங்காலம் பெனின் கரையேறி, ஒரு கோர்வை சாளை மீனோடு கடைக்கு வந்தான். மீனை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பத்துக்குப் பத்து போட்டியாமே."

"ஆமா."

"மக்கா, ஒண்ணு சொல்லட்டா? சங்கடப்படாத. நாடகம் படு மோசம்லே. என் ஆயுசுல இப்பிடி ஒரு கண்றாவியக் கண்டதில்ல."

"எனக்குத் தெரியாதாலே?" என்றான் கிளீட்டஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெனின் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான், சிரித்து முடித்த பிறகும் அது நிற்கவில்லை. லுங்கியின் முனையால் துடைத்துக்கொண்டான்.

"காலம்பற நான் வள்ளம் தள்ளப் போகும்போ ஜெனிலா எழும்பவேயில்ல மக்கா" என்றான். "கொறட்ட விட்டு உறங்கினா. நான் பைய கதவச் சாத்திட்டுப் போனேன்."